பெர்ஃப்யூஷன் முதுநிலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய அறுவை அரங்கில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். இந்தத் துறையில் முதுநிலை படிக்க வரும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெர்ஃப்யூஷனிஸ்ட் டாக்டரா, டெக்னீஷியனா? சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது?

டாக்டர் இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவரும் இல்லை. இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது, நோயாளியின் வலது மேலறையிலிருந்து வரும் ரத்தம் குழாய் வழியாகத் தொட்டிக்கு இறங்குகிறது. பம்ப் அதை ஆக்சிஜனேட்டருக்குள் தள்ளுகிறது. அங்கே ரத்தம் கரியமில வாயுவை விட்டுவிட்டு ஆக்சிஜனை ஏற்றுக்கொள்கிறது, தேவையான வெப்பநிலைக்கு வருகிறது, பிறகு வடிகட்டியைக் கடந்து மகாதமனிக்குத் திரும்புகிறது. அந்த ஒன்றிரண்டு மணி நேரமும், சில நாள்களில் ஐந்தாறு மணி நேரமும், நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம், எவ்வளவு வாயு, என்ன வெப்பம் என்பதைக் கவனித்து முடிவெடுப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். அறுவை நிபுணரோடும் மயக்கவியல் நிபுணரோடும் பேசிப் பேசித்தான் அதைச் செய்கிறார்.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத் துளையை இந்த இயந்திரத்தின் துணையோடு மூடினார். அன்று 26 நிமிடங்கள் அந்தப் பெண்ணின் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் இயந்திரமே முழுமையாகப் பார்த்தது. இந்தியாவில் 1960களின் தொடக்கத்தில் திறந்த இதய அறுவையைத் தொடங்கிய முன்னோடி இடங்களில் வேலூர் சி.எம்.சி. ஒன்று. அந்தக் காலத்தில் அறுவை நிபுணர்களும் ஆய்வக உதவியாளர்களுமே இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். தனிப்படிப்பு பிறகுதான் வந்தது. 2021-இல் இயற்றப்பட்ட தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் இந்தத் தொழிலும் வருகிறது. சொந்தக்காரர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

பைபாஸ் ஆபரேஷன் என்றாலே இந்த மெஷினில்தானே போடுவார்கள்?

இல்லை. மக்கள் பைபாஸ் என்று சொல்லும் இதய ரத்தக்குழாய் அறுவையை, துடிக்கும் இதயத்தின் மேலேயே இயந்திரம் இல்லாமல் செய்யும் நிபுணர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். அப்போதும் பெர்ஃப்யூஷனிஸ்ட் அரங்கில் தயாராக இருப்பார், ஏனென்றால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்தால் சில நிமிடங்களில் இயந்திரத்துக்கு மாற்றியாக வேண்டும். வால்வு மாற்றுதல், பிறவி இதயக் கோளாறுகள், மகாதமனி அறுவை, இதய மாற்று போன்றவற்றில் பெரும்பாலும் இயந்திரம் தவிர்க்க முடியாதது.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எந்த வழியில் எம்.எஸ்சி. வரை போவது?

முதலில் இளநிலை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. கார்டியோ பல்மனரி பெர்ஃப்யூஷன் கேர் டெக்னாலஜி என்ற படிப்பு இருக்கிறது. 3 ஆண்டு பாடம், 1 ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சி. துணை மருத்துவப் படிப்புகளுக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நிரப்பி வந்திருக்கிறது. உயிரியல் படிக்காதவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது.

அதன் பிறகு முதுநிலை 2 ஆண்டு. டெல்லி எய்ம்ஸில் எம்.எஸ்சி. உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் முதுநிலை டிப்ளமோ உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவும் நடத்துகின்றன. ஒவ்வொன்றும் எந்த இளநிலைப் பட்டத்தை ஏற்கிறது என்பது வேறுபடும். பெர்ஃப்யூஷன் அல்லாத பி.எஸ்சி. முடித்தவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பி.எஸ்சி. முடித்தாலே வேலை கிடைக்கிறதே, எதற்கு இன்னும் இரண்டு வருடம்?

வேலை கிடைக்கிறது என்பது உண்மை. குடும்பச் சூழல் அழுத்தினால் பி.எஸ்சி.யோடு வேலைக்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை. நல்ல மருத்துவமனையில் இரண்டு ஆண்டு உழைத்துவிட்டு வந்து எம்.எஸ்சி. சேருபவர்கள்தான் வகுப்பில் சரியான கேள்வி கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

முதுநிலையில் கிடைக்க வேண்டியது காரணம் தேடும் பழக்கம். தொட்டிக்கு வரும் ரத்தம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இளநிலையில் படித்தவர் திரவம் சேர்ப்பார். முதுநிலையில் படித்தவர் குழாய் மடங்கியிருக்கிறதா, நிபுணர் இதயத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாரா, சிரைக்குழாய் இடம் மாறிவிட்டதா, காற்று அடைத்திருக்கிறதா, நெஞ்சறைக்குள் ரத்தம் தேங்குகிறதா என்று சில விநாடிகளில் யோசித்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் திரவத்தைத் தொடுவார். இந்த வேறுபாட்டை உண்டாக்காத எம்.எஸ்சி. வெறும் காகிதம்.

கணக்கு நிறைய வருமாமே? எனக்குக் கணக்கு என்றாலே பயம்.

பெருக்கல், வகுத்தல், சதவீதம். அவ்வளவுதான். ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். நோயாளியின் எடை 60 கிலோ. கிலோவுக்கு 70 மில்லி என்று கொண்டால் உடலில் 4,200 மில்லி ரத்தம். அதில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது ஹெமட்டோக்ரிட், 36 சதவீதம். ஆகவே சிவப்பணு 1,512 மில்லி. இயந்திரத்தின் குழாய்களில் காற்று இருக்கக் கூடாது என்பதால் 1,400 மில்லி திரவத்தால் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறோம். பம்ப் ஓடத் தொடங்கியதும் இரண்டும் கலந்து 5,600 மில்லி ஆகிவிடும். 1,512-ஐ 5,600-ஆல் வகுத்தால் 27 சதவீதம்.

இதுவரை கால்குலேட்டரே செய்துவிடும். இந்த 27 போதுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான பெரியவர்களுக்குப் போதும். இதே நோயாளி ரத்தசோகையோடு 28 சதவீதத்தில் வந்திருந்தால் விடை 21 ஆகிவிடும். அப்போது குழாய்களைச் சுருக்கலாமா, நோயாளியின் சொந்த ரத்தத்தையே பின்னோக்கி விட்டுத் திரவத்தை வெளியே எடுத்துவிடலாமா, தானமாக வந்த ரத்தம் சேர்க்க வேண்டுமா என்று அறுவைக்கு முன்பே மயக்கவியல் நிபுணரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். ரத்த ஓட்ட அளவும் இப்படித்தான்: உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு 2.4 லிட்டர் வீதம் நிமிடத்துக்கு 3.84 லிட்டர். உடலைக் குளிர்விக்கும்போது தேவை குறையும், ஓட்டத்தையும் குறைக்கலாம். பயம் இருந்தால் தினமும் இரண்டு நோயாளிகளின் விவரத்தை எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?

கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டு கேள்விகளை நேரில் கேளுங்கள். இங்கே மாதத்துக்கு எத்தனை திறந்த இதய அறுவை நடக்கிறது? ஒரு மாணவர் படிப்பு முடிப்பதற்குள் எத்தனை கேஸ்களைத் தன் கையால் நடத்துகிறார்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான எண் வராத இடத்தில் சேர வேண்டாம் என்றே சொல்வேன். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படிப்பில் மாணவர் ஒருவர் குறைந்தது 75 கேஸ்களையாவது செய்திருக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற பிறகும் ஆண்டுக்கு 40 கேஸ் காட்டினால்தான் அது நீடிக்கும். நம் கல்லூரியின் எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். காலையில் இயந்திரத்தை யார் தயார்செய்கிறார்கள், பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறாரா, ரத்தவாயுப் பரிசோதனை முடிவு வந்ததும் காரணம் கேட்கிறாரா என்று விசாரியுங்கள். மாணவரைச் சம்பளமில்லாத ஊழியராக நடத்தும் இடங்களும் இருக்கின்றன. அங்கே கேஸ் எண்ணிக்கை அதிகமாகவே இருக்கும், கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இருக்காது. எண்ணிக்கை, ஆசிரியர் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மெஷினைத் தனியாக ஓட்ட எப்போது விடுவார்கள்?

படிப்பு முடியும் வரை தனியாக விடக் கூடாது. ஆசிரியர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் பார்ப்பது மட்டும். பிறகு குழாய்களை இணைப்பது, நிரப்புவது, குமிழி நீக்குவது. அதற்குப் பிறகு பதிவேடு எழுதுவது, ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது. அப்புறம்தான் பம்ப்.

இணைக்கும் கட்டத்தை அலட்சியம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஓர் உதாரணம். இதயத்துக்குள் தேங்கும் ரத்தத்தை உறிஞ்சி எடுக்க வென்ட் என்றொரு குழாய் இருக்கிறது. பம்ப்பில் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டால் உறிஞ்சுவதற்குப் பதிலாக இதயத்துக்குள் காற்றை ஊதும். அதனால் நோயாளிக்குள் வைப்பதற்கு முன் குழாயின் நுனியைத் திரவத்தில் முக்கிப் பார்ப்பார்கள். திரவம் மேலே ஏறினால் சரி, குமிழி வந்தால் தவறு. ஐந்து விநாடி வேலை. சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இப்படியொரு காரணம் இருக்கிறது. பட்டியலை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள், நினைவை நம்பாதீர்கள்.

நடுவில் கரண்ட் போய்விட்டால்? குழாயில் காற்று போய்விட்டால்?

மின்சாரம் நின்றால் இயந்திரத்தின் பேட்டரி ஏற்றுக்கொள்ளும். அதுவும் கைவிட்டால் கைப்பிடியைப் பொருத்திப் பம்ப்பைக் கையால் சுற்ற வேண்டும். எந்தத் திசையில், எந்த வேகத்தில் என்பது உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் தண்ணீர் நிரப்பிய சுற்றில் ஐந்து நிமிடமாவது கையால் சுற்ற வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே தோள் வலி தெரியும்.

நோயாளியின் தமனிக்குள் காற்று போவதுதான் இந்தத் தொழிலில் மிகவும் அஞ்ச வேண்டியது. தொட்டி வற்றிப்போனால் நடக்கலாம். மேலே சொன்ன வென்ட் தவறாலும் நடக்கலாம். நடந்துவிட்டால் பம்ப்பை உடனே நிறுத்தி, குழாய்களைக் கவ்விப் பிடித்து, உரக்கச் சொல்ல வேண்டும். நோயாளியின் தலைப்பக்கம் தாழ்த்தப்படும். நிபுணர் காற்றை வெளியேற்றுவார். தேவைப்பட்டால் மேற்பெருஞ்சிரை வழியாக ரத்தத்தை மூளைக்குப் பின்னோக்கிச் செலுத்திக் காற்றை வெளியே தள்ளுவார்கள். இதை நோயாளியிடம் முதன்முதலாகச் செய்து பார்க்க முடியாது. மாதிரிப் பயிற்சி இதற்குத்தான். தொட்டியின் மட்டம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கையை, தொந்தரவாக இருக்கிறது என்று அணைத்துவைக்கும் பழக்கம் உள்ள இடத்தில் பயிற்சி எடுக்காதீர்கள்.

குழந்தைகள் ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரியில்தான் படிக்க வேண்டுமா?

முழுப் படிப்பும் அங்கே தேவையில்லை. சில மாதச் சுழற்சிப் பயிற்சியாவது அவசியம். ஏன் என்பதற்கு, மேலே போட்ட கணக்கை 3 கிலோ குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 85 மில்லி என்றால் உடலில் மொத்தமே 255 மில்லி ரத்தம். மிகச் சிறிய சுற்றை நிரப்ப 250 மில்லி வேண்டும் என்றால், 40 சதவீதமாக இருந்தது 20-க்கு இறங்கிவிடும். ஆகவே சுற்றை ரத்தத்தோடு நிரப்ப வேண்டும். அந்த ரத்தத்தின் பொட்டாசியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று பார்த்துச் சரிசெய்த பிறகே குழந்தையோடு இணைக்க வேண்டும். பெரியவர்களிடம் 20 மில்லி கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. இங்கே அது உடலின் ரத்தத்தில் 13-இல் ஒரு பங்குக்கும் மேல். சில சிக்கலான அறுவைகளில் உடலை 18 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்துவார்கள். இவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் பெரியவர்களின் கேஸ்களிலும் கவனம் கூர்மையாகிவிடும்.

எக்மோ பாடத்தில் வருமா?

வரும், வர வேண்டும். இதயமோ நுரையீரலோ செயலிழந்தவரின் ரத்தத்துக்கு உடலுக்கு வெளியே ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவிதான் எக்மோ. கொரோனா காலத்தில் அந்தப் பெயர் வீடு வீடாகத் தெரிந்தது. அடிப்படை ஒன்றுதான் என்றாலும், அறுவை அரங்கில் மணிக்கணக்கில் ஓடுவது அங்கே நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஓடும். திறந்த தொட்டி கிடையாது. ரத்தம் உறையாமல் வைத்திருப்பதற்கும் ரத்தக்கசிவுக்கும் இடையே ஒவ்வொரு மணி நேரமும் போராட்டம். தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களிடமிருந்து இங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இரவுப் பணியில் அவர்களோடு உட்காருங்கள்.

ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது? சீனியரின் தலைப்பையே மாற்றி எழுதலாமா?

கூடாது. உங்கள் அரங்கிலேயே தலைப்பு கிடைக்கும். நிமிடத்துக்கு உடலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன், உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 280 மில்லிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் சிறுநீரகப் பாதிப்பு குறைகிறது என்ற கருத்து இப்போது பரவலாக ஏற்கப்படுகிறது. உங்கள் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளில் அந்த அளவு எப்படி இருந்திருக்கிறது? குறைந்தவர்களுக்கு, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் மறுநாள் உயர்ந்ததா? நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு இதை ஒரு மாணவரால் செய்ய முடியும். இதயத்தை நிறுத்தப் பயன்படுத்தும் கரைசல்களை ஒப்பிடலாம். உடலைத் திரும்பச் சூடேற்றும்போது தமனி ரத்தத்தின் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுகிறதா என்று தணிக்கை செய்யலாம். சிறிய கேள்வியாக இருக்கட்டும், விடை உண்மையானதாக இருக்கட்டும்.

பெண் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா?

கிப்பனோடு ஆண்டுக்கணக்கில் ஆய்வகத்தில் நின்று அந்த முதல் இயந்திரத்தை உருவாக்க உழைத்தவர் அவருடைய மனைவி மேரி. அதன் பிறகு இந்தக் கேள்விக்கே இடமில்லை. பெற்றோர் உண்மையில் கேட்பது நள்ளிரவு அழைப்பையும் பாதுகாப்பையும் பற்றித்தான். அவசர அழைப்பு உண்டு. ஆண்களுக்கும் அது சிரமம்தான். இரவில் அழைத்தால் வண்டி அனுப்புவார்களா, தங்க அறை உண்டா என்பதை வேலையில் சேரும்போது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த டிகிரியை வைத்து அமெரிக்கா, லண்டன் போக முடியுமா?

அமெரிக்காவுக்கு நேரடியாக முடியாது. அங்கே இதயநாளப் பெர்ஃப்யூஷன் வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைப்பது மிகவும் கடினம். அந்தத் தேர்வை எழுத அவர்கள் ஏற்ற அமெரிக்க அல்லது கனடியப் படிப்பை முடித்திருக்க வேண்டும். அதாவது அங்கே போய் மறுபடி படிக்க வேண்டும். இதை மறைத்துப் பேசும் முகவர்களிடம் பணம் கட்டாதீர்கள். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இருக்கிறது, ஆனால் அங்கே மருத்துவமனையில் பயிற்சியாளராக வேலையில் இருந்துகொண்டே படிப்பதுதான் வழக்கம். வளைகுடா நாடுகளில் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அங்கே பட்டத்தையும் அனுபவத்தையும் சரிபார்த்துத்தான் உரிமம் தருவார்கள். எந்த நாடானாலும், முதல் நாளிலிருந்து ஒவ்வொரு கேஸையும் பதிவேட்டில் எழுதி ஆசிரியரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். நோயாளியின் பெயர் அதில் வேண்டாம். ஐந்து ஆண்டு கழித்துக் கையெழுத்துக்காக அலைபவர்கள் படும் பாடு பெரும்பாடு.

தொடை வழியாகவே வால்வு மாற்றுகிறார்கள். பத்து வருடத்தில் இந்த வேலையே இல்லாமல் போய்விடாதா?

சில அறுவைகள் குறையும். இயந்திரமில்லாத அறுவை பற்றி இரண்டாவது பதிலில் சொன்னேன், கதீட்டர் சிகிச்சைகளும் அதே போலத்தான்: தேவைப்பட்டால் கூப்பிட ஆள் வேண்டும். மறுபுறம் எக்மோ, இதய மாற்று, இதயத்துக்கு உதவும் செயற்கைப் பம்ப்புகள், அறுவையில் சிந்தும் ரத்தத்தைக் கழுவித் திருப்பித் தருவது, தானமாகப் பெற்ற உறுப்புகளை உடலுக்கு வெளியே ரத்த ஓட்டத்தோடு காப்பது என்று வேலை விரிந்துகொண்டே போகிறது. ஒரே மாதிரி கேஸை மட்டும் செய்யத் தெரிந்தவருக்குத்தான் சிக்கல். நீங்கள் படிக்கும் இடம் இவற்றில் எத்தனையைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

சர்ஜன் ஒன்று சொல்கிறார், எனக்கு அது சரியில்லை என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

முதுநிலை மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இது. ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்தாகிவிட்டது. உறையும் நேரத்தைக் காட்டும் ஏ.சி.டி. 480 விநாடியைத் தாண்டிய பிறகு பம்ப்பைத் தொடங்குவது உங்கள் மருத்துவமனையின் விதி. வந்திருப்பது 340. நிபுணர் ‘ஆரம்பிக்கலாம்’ என்கிறார். அவர் இன்னும் எண்ணைக் கேட்டிருக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ‘சார், ஏ.சி.டி. 340. விதிப்படி 480 வேண்டும். இன்னும் ஹெப்பாரின் தேவை’ என்று அரங்கில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். அபிப்பிராயமாகச் சொல்லாமல் எண்ணாகச் சொல்லுங்கள். கூடுதல் ஹெப்பாரினுக்கும் ஏறவில்லை என்றால், ஹெப்பாரின் வேலை செய்யத் தேவையான ஆன்டித்திராம்பின் என்ற ரத்தப் புரதம் குறைவாக இருக்கலாம் என்பதை மயக்கவியல் நிபுணரிடம் நினைவூட்டுங்கள். அதற்கு உறைந்த பிளாஸ்மாவோ ஆன்டித்திராம்பின் மருந்தோ கொடுப்பார்கள்.

அறுவை முடியும் தறுவாயிலும் இதே போன்ற ஓர் இடம் வரும். ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் ஏறத் தொடங்கிய பிறகும் நெஞ்சறை ரத்தத்தைச் சக்கர் என்ற உறிஞ்சுகுழாயால் இயந்திரத்துக்கே உறிஞ்சச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் சுற்றுக்குள் ரத்தம் உறைந்துவிடும். மீண்டும் அவசரமாகப் பம்ப்புக்குப் போக நேர்ந்தால் இயந்திரம் பயன்படாது. ‘புரோட்டமின் போகிறது, சக்கர் நிறுத்துகிறேன்’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மாணவராக இருக்கும்போது உங்கள் ஆசிரியர் வழியாகச் சொல்லலாம், நேரம் இல்லையென்றால் நீங்களே சொல்லலாம். சொன்ன நேரத்தையும் எண்ணையும் பதிலையும் பெர்ஃப்யூஷன் பதிவேட்டில் அப்போதே எழுதிவிடுங்கள்.